அறுப்பின் பண்டிகை அதிரசம்

ஒரு தேவாலயத்தில் ரெபேக்காள் என்றொரு சுண்டெலி இருந்தாள். போன அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொடுத்து ஏலத்துக்கு வைத்த அதிரசங்களை மூக்குமுட்டத் தின்று, வளைக்குள் நுழைய முடியாமல் பாதி வாலைப் பூனையிடம் பறிகொடுத்தவள். மீதி வாலாவது மிஞ்ச வேண்டுமே என்று இந்த வருஷம் பண்டிகையன்று விடிந்ததுமே ஜெபித்தாள். பிறகு பசி அடங்கும் அளவுக்கு அவித்த பயறு தின்றுவிட்டு, மிச்சத்தோடு பீடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து வளை எலி சாலமோன் சிரித்தான். “ஜெபம் பண்ணியாச்சுல்ல? அப்புறம் பயறு எதுக்கு? கர்த்தர் மேல நம்பிக்கை இல்லையா தங்கச்சி?”

“இருக்குண்ணே. அதுக்காகப் பசியோட அதிரசத்துக்கு முன்னாடி போய் உட்கார்ந்துக்கிட்டு அவரைத் தொந்தரவு பண்ணலாமா?”

சிரித்துக்கொண்டே அவன் பலகார மேஜைக்குப் போனான். வெல்ல மணம் பீடம்வரை வந்தது. ரெபேக்காளின் கால்கள் தாமாகவே இரண்டடி முன்னே போயின.

“ஆண்டவரே, என் மூக்கையும் பார்த்துக்கோங்க” என்று முனகியவள், திரும்பி வந்து இன்னொரு பயறைக் கடித்தாள்.

அந்த நேரம் பூனை வந்தது. ரெபேக்காள் சர்ரென்று வளைக்குள் நுழைந்துவிட்டாள். பின்னாலேயே ஓடிவந்த சாலமோனுக்குத் தலைகூட நுழையவில்லை. வாயில் ஒரு முழு அதிரசம்.

“தங்கச்சி, எனக்காக ஜெபம் பண்ணும்மா!” என்றான், கவ்வியதை விடாமலே.

“பண்றேண்ணே. முதல்ல அந்த அதிரசத்தைக் கீழே போடுங்க!”