வற்றாத பெட்ரோல்

இன்றைக்கும் கேன் நிறைந்திருந்தது. எட்டி ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

கிணறு என்னுடையது. மதிலுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க். அங்கே மண்ணுக்குள் கிடந்த பழைய டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகி, கசிந்ததெல்லாம் என் கிணற்றில் வந்து மிதக்கிறது.

பங்க் முதலாளி அதைக் காலி செய்துவிட்டுப் புது டேங்க் வைத்தார். என் கிணற்றுக்குள் ஒரு மிதவைப் பம்பையும் இறக்கினார். அது தண்ணீரை விட்டுவிட்டு, மேலே மிதக்கும் பெட்ரோலை மட்டும் உறிஞ்சிக் கேனில் கொட்டும். பார்த்துக்கொள்ள ஆள் கேட்டபோது நானே முன்வந்தேன். என் கிணறு, என் தலைவலி.

மழைக்குள் சுத்தமாகிவிடும் என்றார் பம்பை மாட்ட வந்த இன்ஜினியர். இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டிக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவி, போனவள் போனவள்தான். கிணறு சுத்தமானால்தான் வருவாளாம். குழந்தை அங்கேயே தவழ்ந்து, அங்கேயே எழுந்து நின்று, இப்போது என்னைக் கண்டால் அழுகிறது. பெற்ற அப்பனைப் பார்த்து!

தெருக்காரர்களுக்கோ எல்லாம் கேலி. எனக்கு 'ஷேக்' என்று பட்டப்பெயர். வீட்டிலேயே எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிறேனாம். வயிறு எரிகிறது.

பம்பைக் கழற்றி மாட்டினேன். குழாயை மாற்றினேன். கசிவு நின்றுவிட்டது, மண்ணில் இருந்ததும் இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும், அப்புறம் எங்கிருந்து வருகிறது என்று இன்ஜினியர் என்னையே கேட்டார். நான் யாரைப் போய்க் கேட்பது?

கூட நின்றவன் மச்சான் ஒருத்தன்தான். மனைவியின் அண்ணன், அந்த பங்க்கிலேயே வேலை. தினமும் காலையில் வந்து, நிறைந்த கேன்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவான். கழிவு எண்ணெய் லாரியில் ஏற்றிவிடுவது அவன் பொறுப்பு.

இன்றைக்கு ஒரு கேனின் மூடியை விட்டுவிட்டுப் போய்விட்டான். எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பங்க்கின் பின்புறம், தரையில் பதித்திருந்த இரும்புத் தகட்டைத் தூக்கி நிறுத்தி, கேனை உள்ளே சரித்துக்கொண்டிருந்தான்.

பழைய டேங்க்.

அடப்பாவி! இத்தனை நாளும் நான் இறைத்தது, இறைத்ததையேதானா?

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"லாரிக்காரன் ஆரம்பத்துல ரெண்டு தடவை வந்ததோட சரி, மாப்ள. வெயில்ல வச்சா தீப்பிடிச்சிடாதா? இதுதான் சும்மா கெடக்கே, கசிவும் நின்னுடுச்சுன்னு இன்ஜினியரே சொல்லிட்டாரு. தங்கச்சி சீக்கிரம் வீடு வந்து சேரட்டும்னு ஒரு நாள்கூட விடாம கொண்டாந்து ஊத்திடறேன்."

சொல்லிக்கொண்டே கேனைக் கவிழ்த்து, அடியில் தட்டித் தட்டி, கடைசிச் சொட்டையும் உள்ளே விட்டான்.