எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி

அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். எண்ணி முடித்தபோது அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது.

மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நான்கு கிளைகளுக்கும் ஒரே தரவுத்தளம். அரசு தந்த அடையாள எண் ஒன்றுக்கு ஒரு பதிவுதான். அதே எண்ணை மறுபடி அடித்தால் கணினி ஏற்காது. 'ஏற்கெனவே உள்ளது' என்று சிவப்பு எழுத்தில் சொல்லும்.

சொன்னால் பழைய பதிவைத் தேடி எடுக்க வேண்டும். கவுன்டர் மகாராணிகளுக்கு அதற்கு ஏது பொறுமை? எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். வேறு ஏதோ எண் என்று கணினியும் நம்பிவிடும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு.

போன வாரம் ஒரு பெரியவருக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு முதல் பதிவில் இருந்தது. டாக்டர் திறந்தது இரண்டாவதை. மனுஷர் இன்னும் கண் திறக்கவில்லை.

புள்ளி வைத்த ஒருத்தர் விடாமல் பட்டியல் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பப்போகிறாள். எல்லோரும் வீட்டுக்குப் போகட்டும்.

காலையிலேயே ஒருத்தி போனில் அழுதாள். "கூட்டம் கழுத்தை நெரிக்குது மேடம். ஒரு புள்ளிதானே வெச்சேன்..."

"அந்தப் பெரியவரோட பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு, ஒரு புள்ளிதான்னு."

போனை வைத்த வேகத்தில் மேசையே அதிர்ந்தது.

புள்ளிகளை நீக்கிவிட்டு ஒரே எண் உள்ளவற்றை ஜோடி சேர்க்கக் கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். பழையது நிற்கும், புதியது போகும். தாட்சண்யமே கிடையாது. போகவேண்டிய வரிகள் சிவப்பாயின. அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது அவள் வழக்கம்.

பாதிப் பட்டியலில் விரல் நின்றது.

அவள் கணவனின் எண்.

பழைய பதிவு பதினொரு வருடத்துக்கு முந்தையது, வேறு கிளை. மனைவி என்ற கட்டத்தில் அவள் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். கடைசியாக வந்தது போன வியாழக்கிழமை, துணைக்கு வந்தவர் மனைவி. வெளியூரில் மீட்டிங் என்று, அவள் கையால் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினானே, அதே வியாழக்கிழமை.

புதிய பதிவு எட்டு வருடத்துக்கு முந்தையது. மனைவி என்ற கட்டத்தில் அவள் பெயர். எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி. வரி முழுக்கச் சிவப்பு.

உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. அன்றைக்கே பழைய பதிவைத் தேடி எடுத்திருந்தால்! எந்தப் பாவி இந்தப் புள்ளியை வைத்தது?

பதிவு செய்தவர் என்ற கட்டத்தைப் பார்த்தாள். அதிலும் அவள் பெயர்தான்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். அப்போது அவள் கவுன்டரில் இருந்தாள். அவனுக்குக் காய்ச்சல். சிவப்பு எழுத்து வந்ததும், தேடிப் பார்க்கத்தான் போனாள்.

"யாரோ தப்பா ஏத்தியிருப்பாங்க, விடும்மா. ஒரு புள்ளி வெச்சுப் பாரு, எடுத்துக்கும்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான்.

அன்றைக்கு அவளுடைய கோபமெல்லாம் கணினி மேல்தான் இருந்தது.