கண்ணப்பன் கையெழுத்திட்ட தந்தி

"நிருபரு பூட்டாரும்மா," என்றார் தபால்காரர் கன்னியப்பன், மழையில் நனைந்த பையை மேசைமேல் இறக்கியபடி.

சந்திரம்மாளின் கை தந்திக் கருவியிலிருந்து எழவில்லை. ஒரு தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வுச் செய்தி பாதியில் இருந்தது. அதைத் தட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எப்ப?"

"காலைல. பேப்பர் படிச்சிகினே இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம். அஞ்சு மணிக்கு எடுக்கறாங்க. ஒண்டிக்கட்ட பாரு, கொள்ளி போட பங்காளி புள்ள ஒருத்தனப் புடிச்சாந்து ஒக்கார வெச்சிகீறாங்க. அவனுக்கு இவரு பேரே சரியாத் தெரில."

சந்திரம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஊர்ல எவன் செத்தாலும் மொத ஆளா வந்து எழுதிகினு போவாரு. இன்னிக்கு அவருக்கு எழுத ஆளில்ல."

மணி மூன்றேகால். நாலு மணிக்குள் போகாத செய்தி மறுநாள் பத்திரிகையின் வெளியூர்ப் பக்கத்தில் வராது.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

நிருபரின் கையெழுத்து இல்லாமல் பத்திரிகைத் தந்தி போகாது. வெளியூர் போகிற நாட்களுக்காக, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களைக் கண்ணப்பன் அவளிடம் கொடுத்து வைத்திருந்தார். எங்கிருந்தாவது போன் செய்து செய்தியைச் சொல்வார், அவள் எழுதி அனுப்புவாள். விதிப்படி தவறுதான். போஸ்ட் மாஸ்டர் இராமச்சந்திரன் கண்டும் காணாமல் இருந்தார்.

ஒரு படிவம் மிச்சம் இருந்தது.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். அவருடைய நடையிலேயே வந்தது. முதல் வரியில் யார். அடுத்து என்ன செய்தார். மாமனிதர், பண்பாளர் என்பதையெல்லாம் அவர் கிட்டே சேர்க்க மாட்டார்.

'முன்னாள் ராணுவ வீரரும், முன்னாள் ஊராட்சித் தலைவரும், இந்நாளிதழின் ஸ்ரீபெரும்புதூர் நிருபருமான மு. கண்ணப்பன் இன்று காலமானார். வயது 59.'

'1965 போரில் இடது காதின் கேட்கும் திறனை இழந்தவர்.'

அதனால்தான் கவுண்டர் கம்பிக்கு வலது காதைக் கொடுத்து நிற்பார். பின்னால் வரிசையில் நிற்பவருக்குக் கேட்காமல் அந்தக் காதில் பேச எவ்வளவு குரல் போதும் என்பது அவளுக்குத் தெரியும்.

'தலைவராக இருந்தபோது காலனிக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவந்தார். அவருடைய தெருவுக்கு இன்னும் வரவில்லை.'

இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். உண்மைதானே என்று விட்டுவிட்டாள்.

'இருபத்திரண்டு ஆண்டுகள் நிருபராக இருந்தார். இறுதிச் சடங்கு இன்று மாலை.'

இராமச்சந்திரன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவுதானே சந்திரம்மா? குடும்பம்னு போட யாரும் இல்ல. அனுப்பிடுங்க."

"ஒரு வரி பாக்கி இருக்கு சார்."

எந்தச் சாவுச் செய்தியையும் கண்ணப்பன் அந்த வரி இல்லாமல் முடித்ததில்லை. யார் இருக்கிறார்கள் என்று சொல்லாமல் யார் போனார் என்று சொல்லி என்ன பயன் என்பார். கல்குவாரியில் செத்த பெயர் தெரியாத ஒருவருக்குக்கூட இரண்டு நாள் அலைந்து, ஆரணிப் பக்கத்தில் ஓர் அக்கா இருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார்.

விசாரித்து உறுதி செய்யாததை எழுதக் கூடாது என்றும் சொல்வார்.

இதை உறுதி செய்ய, காஞ்சிபுரம் பதிவாளர் அலுவலகத்தில் 1974ஆம் வருடத்துத் திருமணப் பதிவுப் புத்தகம் ஒன்று இருக்கிறது.

பெண்ணின் அப்பா இருக்கும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முதலில் வைத்துக்கொண்டார்கள். அவர் போனபின், தங்கைகள் இருவருக்கும் ஆகட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அதுவும் ஆயிற்று. அதற்குள் வாயைத் திறந்து சொல்வதற்கு இருவருக்குமே வெட்கமாகிவிட்டது. பொங்கலுக்குச் சொல்லலாம் என்று போன மாதம்கூட அவர்தான் ஆரம்பித்தார்.

மணி மூன்று நாற்பது.

கடைசி வரியை அவள் படிவத்தில் எழுதவில்லை. கருவியை இழுத்து முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள். இராமச்சந்திரன் கவுண்டருக்குப் போய்விட்டார். கன்னியப்பன் பையைக் கவிழ்த்துக் கடிதங்களைக் காய வைத்துக்கொண்டிருந்தார். இறுதிச் சடங்கு வரை தட்டிவிட்டு, நிற்காமல் அதையும் தட்டினாள்.

'அவருக்கு மனைவி உள்ளார்.'

மறுமுனையில் காஞ்சிபுரம் தந்தி ஆபீஸ் தணிகாசலம். பதினாறு வருடமாகத் தினமும் பேசுகிற கை. முகம் பார்த்ததில்லை. யார் தட்டுகிறார்கள் என்பதைத் தட்டுகிற விதத்திலேயே சொல்லிவிடுகிறவர்.

கருவி கேட்டது: 'மனைவி பெயர்?'

பத்திரிகை அலுவலகத்தில் எப்படியும் கேட்பார்கள். பெயரில்லாமல் அந்த வரி அச்சில் ஏறாது.

அவள் தட்டினாள். புதிதாக வேலை பழகுகிறவருக்கு அனுப்புவது போல, ஒவ்வோர் எழுத்துக்கும் இடைவெளி விட்டு. ச. ந். தி. ர. ம். மா. ள்.

மறுமுனையில் சத்தமில்லை.

கம்பி அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள். மழைக்கு அப்படி ஆவதுண்டு. கவுண்டரில் யாரோ பதிவுத் தபாலுக்குக் கோந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கருவி அசைந்தது. செய்தி கிடைத்தது என்பதற்கான ஒற்றை எழுத்து. அதோடு நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் ஊரார் வீடுகளுக்கெல்லாம் சாவுச் செய்தியோடு அவள் அனுப்பிய இரண்டு சொற்கள், யாருடைய படிவமும் இல்லாமல், அவளுக்கு வந்தன.

உடனே புறப்படவும்.