பொழுது சாய்வதற்குள்

நாற்பது வருட வழக்கு முடிந்து, மலை எங்கள் குடியின் பெயரில் ஒரு கம்பெனியாகத் திரும்பி வந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் பிறந்தவர்கள் எல்லோரும் பங்குதாரர்கள். அதற்குப் பின் பிறக்கிறவர்கள் அதே மலையில் ஒரு கிழங்கு தோண்டினாலும் அத்துமீறல்.

நஞ்சிக்கு விடியற்காலையிலிருந்து வலி. பிள்ளை இறங்கவில்லை. அவள் புருஷன் வெள்ளிங்கிரி உலக்கையை எடுத்து அவள் வயிற்றின் மேல் வைத்து அழுத்தி உருட்டினான். அவள் அவன் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். அவன் நிறுத்தவில்லை.

"விடுடா, செத்துருவா!" என்று தடுத்த அக்காவை எட்டி உதைத்தான்.

"எம் புள்ளைக்கு மட்டும் மலை இல்லாமப் போகணுமாக்கா?"

சூரியன் மேற்குப் பாறையைத் தொட்டபோது குழந்தை வந்தது. வெள்ளிங்கிரி கொடியை அறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அங்கே பதிவேட்டோடு காத்திருந்த கம்பெனி எழுத்தர், அவரும் எங்கள் ஆள்தான், மைப்பெட்டியைத் திறந்தார். குழந்தையின் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு மூடினார். அதில் ஒட்டியிருந்த ரத்தச் சிவப்பே போதுமாக இருந்தது. ரேகை சுத்தமாக விழுந்தது.

"பேரு ஏறிடுச்சு" என்றார்.

உள்ளேயிருந்து நஞ்சி கேட்டாள்: "ஏன் இன்னும் அழ மாட்டேங்குது?"

நாங்கள் எல்லோரும் சூரியனைப் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.