சொல் இல்லாத வரி

மூன்றாம் பகுதியில் எல்லாக் குரல்களும் அடங்கிவிட, ஒரே ஒரு பெண்குரல் மட்டும் ‘ஆ’ என்று மேலே ஏறி உடைந்தது. மூன்று முறை.

புனித வெள்ளிக்காக ஜெர்வாஸ் லேன் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு எழுதிக் கொடுத்த புலம்பல் அது. நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கோயில் இசையின் சாயல். ஆர்கன் கிடையாது, வெறும் தொண்டைதான்.

சனிக்கிழமை மதிய ஒத்திகைக்கு லண்டனிலிருந்து அவரே வந்திருந்தார். அந்தத் தனிவரியைப் பாடுகிற பெண்ணும் அன்றுதான் வந்தாள். அதுவரை நாங்கள் அதைக் கேட்டதில்லை.

பாட்டை நடத்திய திருமதி ஹேடோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதை எங்கேருந்து சார் புடிச்சீங்க?”

“சின்ன வயசுல கேட்டது. பக்கத்து ரூம்லேருந்து.”

எங்கள் வரிசைக்குப் பின்னாலிருந்து ஹெஸ்டர் பிரீஸ் இறங்கி வந்தாள். ஆட்டுப் பண்ணைக்காரி. குட்டி போடும் பருவம் என்பதால் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். மணிக்கட்டில், குட்டிகளின் தொப்புளில் தடவும் அயோடின் கறை.

ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

முதல் குத்தில் ஜெர்வாஸின் மூக்கு உடைந்தது. உடைந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்தது வாயில். பெஞ்சு மேல் சரிந்தவரைக் காலரைப் பிடித்துத் தூக்கி, தலையைத் தூணில் மோதினாள். மறுபடியும் மோதினாள்.

“கேட்டுச்சாடா உனக்கு? கேட்டுச்சாடா?”

முரட்டுக் கிடாய்களைக் கவிழ்த்துப் போட்டு மயிர் கத்தரிக்கிற கை அது. மூன்று ஆண்கள் சேர்ந்து இழுத்தும் அவளை அசைக்க முடியவில்லை. அவள் முழங்கை பட்டு என் உதடு கிழிந்தது.

ஜெர்வாஸ் தடுப்பதற்குக்கூடக் கையைத் தூக்கவில்லை.

போலீஸ்காரம்மா வந்து சேர்ந்தபோது ஹெஸ்டர் பீடத்துப் படியில், வீங்கிய விரல்களை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

“யாரு சார் அடிச்சது? சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

ஜெர்வாஸ் மூக்கிலிருந்து துணியை எடுத்தார்.

“என் அக்கா.”

ஏழு வருடமாக அவளோடு பாடுகிறோம். தம்பி என்று ஒருவன் இருப்பதாக அவள் சொன்னதே இல்லை.

“அது கிடக்கட்டும், வேற ஒண்ணு எழுதுங்க. எங்கப்பா மேல இவ கேஸ் குடுத்தா. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கிட்டேன், எதுவும் கேக்கலைன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணேன். அவரை விட்டுட்டாங்க.”

பேனா நின்றது.

“தூங்கலை. என் பேரைச் சொல்லித்தான் கத்தினா.”

ஹெஸ்டர் தலையைத் தூக்கினாள்.

அவர் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டார்.

“அப்பா இன்னும் உயிரோடதான் இருக்காரு. அட்ரஸ் சொல்றேன், எழுதிக்குங்க.”