பிரேக் மிதியின் ரப்பர்

கார் விற்கும் முற்றத்து வேப்பமரத்தில் ஓர் அணில் இருந்தது. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அதற்கு மண்டை வெடித்துவிடும். ஜப்பானிலிருந்து வந்திறங்கிய வெள்ளைக் குடும்பக் கார் ஒன்றுக்குள் ஒருநாள் ஜன்னல் வழியாக நுழைந்தது.

“எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறாய்?” என்று மீட்டரைக் கேட்டது.

“முப்பதாயிரம் கிலோமீட்டர்,” என்றது மீட்டர், மினுங்கியபடி.

கீழே பிரேக் மிதி சிரித்தது. “இரண்டு லட்சம். என் ரப்பரைப் பார், ஒரு வரிகூட மிச்சமில்லை.”

“வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லலாமே?”

“அவர்கள் மீட்டரைத்தானே பார்க்கிறார்கள். என்னைப் பார்க்கக் குனிய வேண்டும்.”

அன்று பின்னேரம் நகுலேஸ்வரனும் மனைவி தர்மினியும் வந்தார்கள். மீட்டரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஓட்டிப் பார்க்க ஏறிய தர்மினியோ, புதிதாக வாங்கப்போகும் வாகனம் என்று செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள். வெறுங்காலை மிதியில் வைத்தவள் அப்படியே யோசித்தாள்.

“இஞ்சேருங்கோ, முப்பதாயிரம் ஓடின காரில இது ஏன் இப்பிடி வழுவழுவெண்டு தேஞ்சு கிடக்கு?”

மழை வரும்போல இருக்கிறது என்றார் காரைக் காட்ட வந்து நின்ற தரகர். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். இருவரும் போய்விட்டார்கள்.

மிதியைப் பாராட்ட அணில் மறுநாள் காலையிலேயே ஓடி வந்தது. மிதியில் கன்னங்கரேலென்று புது ரப்பர், வரிவரியாக.

“நீ எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறாய்?” என்று கேட்டது அணில்.

மிதி மேலே மீட்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

“முப்பதாயிரம் கிலோமீட்டர்.”