பின்சக்கரத்தை விடாத தையல்காரர்

ஊர் சைக்கிள் பந்தயச் சங்கத்தாருக்கு மஞ்சள் பனியன் தைத்துக் கொடுப்பவர் தையல்காரர். அதில் ஒன்றைத் தானும் போட்டுக்கொள்ள அவருக்குக் கொள்ளை ஆசை. ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு, சங்கத்தில் சேர முதல் சவாரிக்கு வந்துவிட்டார்.

“மலை உச்சி வரைக்கும் பின்தங்காம வந்தாத்தான் பனியன். முன்னால போறவன் திரும்பியே பார்க்க மாட்டான், தெரியும்ல?” என்றார் தலைவர்.

கிளம்பியதிலிருந்தே தையல்காரர் தலைவரின் பின்சக்கரத்தை விடவில்லை.

“அண்ணே! அண்ணே!” என்று கத்தினார்.

“என்னையே விரட்டுறியா?” தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

மேட்டில் மற்றவர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். தையல்காரர் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தார்.

உச்சியில் தலைவர் நாக்குத் தள்ளி நின்றார்.

“இன்னிக்கு வண்டி நகரவே மாட்டேங்குது. எனக்கு வயசாயிடுச்சுப்பா. பனியன் என்ன, தலைவர் பதவியையே நீ எடுத்துக்க!”

தையல்காரருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

“பதவி வேணாம்ணே, பனியன் போதும். அதுக்கு முன்னாடி, என் பையைக் கட்டின கயித்துக் கொக்கி கிளம்பும்போதே உங்க சீட்டுல மாட்டிக்கிச்சு, கழட்டி விடுங்க. அதைச் சொல்லத்தான் வழி முழுக்கக் கத்தினேன்!”